டுவைலைட் வேறு, டஸ்க் வேறு: அந்திக்குள் இருக்கும் கணக்கு

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு பயணக் கட்டுரையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் ஒரு ஏரிக்கரை, ஜூன் மாதம், சாப்பாடு முடிந்து எல்லோரும் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு வரி: டுவைலைட் மெல்ல மெல்ல டஸ்க்காக மாறியது. அகராதியைப் புரட்டினேன். டுவைலைட் என்றால் அந்தி. டஸ்க் என்றாலும் அந்தி. ஆக என் மொழிபெயர்ப்பு இப்படி வந்தது: ‘அந்தி மெல்ல மெல்ல அந்தியாக மாறியது.’ படித்துப் பார்த்து நானே சிரித்துவிட்டேன்.

தெரிந்தவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர் டுவைலைட் காலைக்கு, டஸ்க் மாலைக்கு என்றார். இன்னொருவர் டுவைலைட் கவிதையில் வரும் சொல், டஸ்க் சாதாரணப் பேச்சில் வருவது என்றார். மூன்றாமவர் ரெண்டும் ஒண்ணுதான், இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்காதே என்று போனை வைத்துவிட்டார். மூன்றுமே தப்பு. மூன்றாவது கொஞ்சம் குறைவான தப்பு, ஏனென்றால் இங்கிலாந்துக்காரர்களே அன்றாடப் பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. அது வெறும் அகராதி வித்தியாசம் இல்லை, வானத்தில் அளந்து பார்க்கக்கூடிய வித்தியாசம்.

## ஊரும் ஊர் எல்லையும்

ஒரு சின்ன ஊரிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைத்தெரு முடிகிறது. அப்புறம் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன, ஒரு மரக்கடை, ஒரு கல்யாண மண்டபம், பிளாட் போட்ட காலி மனைகள். இது ஊரா என்றால் முழுக்க ஊர் இல்லை, காடா என்றால் காடும் இல்லை. கடைசியில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று ஒரு பலகை. அதைத் தாண்டினால் வெட்டவெளி.

பகல்தான் ஊர், இரவுதான் வெட்டவெளி. நடுவில் வரும் அந்த இரண்டுங்கெட்டான் வழி முழுவதும் டுவைலைட். முடிவில் நிற்கும் பலகை டஸ்க்.

மறுநாள் விடியற்காலையில் அதே வழியில் திரும்பி வருகிறீர்கள். இப்போது பலகையின் மறுபக்கம் தெரிகிறது, ‘நல்வரவு’. அதற்கு ஆங்கிலத்தில் டான் என்று பெயர். அதைத் தாண்டியதும் அதே மண்டபம், அதே மரக்கடை, அப்புறம் ஊர். வழி மாறவில்லை, அதனால் அதன் பெயரும் மாறவில்லை: காலையிலும் அது டுவைலைட்தான். டுவைலைட் காலைக்கு மட்டும் என்று சொன்னவர் பாதி சரி, இரண்டு வேளைக்கும் அது உண்டு. டஸ்க் மட்டும்தான் மாலையோடு நின்றுவிடும்.

சரி, பேச்சில் ஏன் இரண்டும் குழம்புகிறது? பஸ்ஸில் ‘பலகைகிட்ட இறக்கிவிடுங்க’ என்று சொல்கிறோம், இறங்குவது பலகைக்கு நூறு அடி முன்னாலோ பின்னாலோ இருக்கும். அது மாதிரிதான், எல்லைக்கு முந்தைய அந்த நன்றாக இருட்டிய பகுதி முழுவதையும் டஸ்க் என்றே சொல்லிவிடுகிறார்கள். ஏரிக்கரைக் கட்டுரை எழுதியவரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார், அதில் தப்பில்லை.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: டுவைலைட் ஒரு நீளம், காலையிலும் உண்டு, மாலையிலும் உண்டு. டஸ்க் மாலை நீளத்தின் முடிவு, தளர்வாகச் சொன்னால் அந்த முடிவுக்கு ஒட்டிய இருட்டு.

## சூரியன்தான் போய்விட்டதே, வெளிச்சம் எப்படி?

கிராமத்தில் சாயங்காலம் தென்னந்தோப்பைப் பார்த்திருப்பீர்கள். தரையில் வெயில் போய்விடும், ஆனால் மரத்தின் உச்சிக் குருத்தில் மட்டும் மஞ்சள் வெயில் இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். கோயில் பக்கம் வீடு என்றால் கோபுரக் கலசத்தில் பார்க்கலாம், வீதியே நிழலில் இருக்கும்போது கலசம் மட்டும் மின்னும். உயரத்தில் இருப்பவர்களுக்குச் சூரியன் கொஞ்சம் தாமதமாக மறைகிறது. தொடுவானம், அதாவது நிலமும் வானமும் தொடுவது போலத் தெரியும் அந்தக் கோடு, உயரப் போகப் போகக் கீழே இறங்கிக்கொண்டே போவதுதான் காரணம்.

இப்போது கலசத்துக்கும் மேலே போங்கள். பத்து கிலோமீட்டர், இருபது கிலோமீட்டர். அங்கே இருப்பது காற்று. நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் அந்தக் காற்றின் மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. காற்றின் மூலக்கூறுகள் அந்த ஒளியை வாங்கி நாலா பக்கமும் விசிறிவிடுகின்றன, இதற்குச் சிதறல் என்று பெயர். அப்படி விசிறியதில் ஒரு பங்கு நம் முற்றத்துக்கும் வருகிறது. டுவைலைட் வெளிச்சம் என்பது இதுதான், சூரியன் நேரில் தராமல் மேலே இருக்கும் காற்றிடம் கொடுத்து அனுப்பும் வெளிச்சம். நிலவில் காற்று கிடையாது என்று சொல்லிவிடலாம், அதனால் நம் வானத்தைப் போல ஒளிரும் அந்தி வானமும் அங்கே கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல இடம் சென்னை மெரினா. சூரிய அஸ்தமனம் பார்க்கக் கிழக்குக் கடற்கரைக்குப் போவதா என்று கேட்காதீர்கள், மேற்கே சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்ததும் கடல் பக்கம் திரும்புங்கள். மேகம் இல்லாத நாளாக இருந்தால் கடலுக்குச் சற்று மேலே சாம்பல் கலந்த நீலத்தில் ஒரு பட்டை தெரியும், அதன் தலையில் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. அந்த நீலச் சாம்பல் பட்டை மேகம் இல்லை. பூமியின் நிழல். நாம் நிற்கிற இந்த உருண்டையின் நிழல் காற்றின் மேல் விழுந்து, நிமிடத்துக்கு நிமிடம் மேலே ஏறுகிறது. கால் மணி நேரத்துக்குள் அது பொதுவான இருட்டோடு கரைந்துவிடும், பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. பீச்சில் அத்தனை பேர் கடலைப் பார்த்தபடிதான் சுண்டல் சாப்பிடுகிறார்கள், இதைக் கவனிப்பவர்கள் குறைவு. நானும் பல வருடம் மழை மேகம் என்றே நினைத்திருந்தேன்.

சுருக்கமாக, அந்தி என்பது பூமியின் நிழல் நம் தலைக்கு மேல் ஏறுகிற நேரம். ஏறி முடிக்கிற கட்டம் டஸ்க்.

## ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு

‘ஏறி முடிக்கிற கட்டம்’ என்றால் எது? வானம் பட்டென்று அணைகிற விளக்கு இல்லையே. யாராவது ஒரு கோடு போட்டாக வேண்டும், வானியல்காரர்கள் ஒன்றுக்கு மூன்றாகப் போட்டிருக்கிறார்கள். சூரியனின் மையம் தொடுவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்கியிருக்கிறது என்பதுதான் அளவுகோல்.

முதல் கோடு 6 டிகிரி. சூரியன் மறைந்ததிலிருந்து இதுவரைக்கும் சிவில் டுவைலைட், இந்தக் கோட்டைத் தொடும் கணம் சிவில் டஸ்க். ஏன் ஆறு? ஒரு சின்ன வடிவியல் போட்டுப் பார்த்தால், சூரியன் 6 டிகிரி கீழே போகும்போது நம் தலைக்கு நேர் மேலே பூமியின் நிழல் சுமார் 35 கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டிருக்கும். நம் தலைக்கு மேலே உள்ள காற்றில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த உயரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஆகவே உச்சி வானத்தில் வெளிச்சத்தை விசிறிவிட ஆள் இல்லை, மேற்கு ஓரத்தில் மட்டும் மிச்சம்.

ஒருமுறை ஊரில் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம் திண்ணையில் தினசரியை வைத்துக்கொண்டு இதைச் சோதித்தேன். சூரியன் மறைந்த கையோடு வரி விளம்பரத்தின் பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது. பத்து நிமிடம் கழித்துத் தாளை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. பதினெட்டு நிமிடத்தில் ‘வாடகைக்கு’, ‘விற்பனைக்கு’ இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன, தலைப்பு எழுத்து மட்டும் தாக்குப்பிடித்தது. இருபது நிமிடம் தாண்டியதும் உள்ளேயிருந்து அத்தை, ‘விளக்கு வைக்கிற நேரத்துல என்னடா பேப்பர், கொசு வருது, கதவைச் சாத்திட்டு வா’ என்றார். 6 டிகிரி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் அவர் சொன்ன நேரம் கோட்டின் மேலேயே இருந்தது. சிவில் டஸ்க்குக்கு ‘விளக்கு வைக்கிற நேரம்’ என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கோடு 12 டிகிரி. இது மாலுமிகளுடையது, நாட்டிகல் டஸ்க் என்பார்கள். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் நடுக்கடலில் எங்கே இருக்கிறோம் என்று தெரிய, ஒரு நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எத்தனை உயரத்தில் இருக்கிறது என்று கருவியால் அளப்பார்கள். அதற்கு நட்சத்திரமும் தெரிய வேண்டும், தொடுவானமும் தெரிய வேண்டும். வெளிச்சம் அதிகம் என்றால் நட்சத்திரம் இல்லை, இருட்டு அதிகம் என்றால் கடல் எங்கே முடிகிறது என்று தெரியாது. இரண்டும் சேர்ந்து கிடைப்பது இந்தக் கொஞ்ச நேரத்தில்தான். 12 டிகிரியில் தொடுவானக் கோடு அழிந்துவிடுகிறது, கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

மூன்றாவது 18 டிகிரி. அதோடு சூரியனின் கடைசிச் சாயலும் போய், வெறும் கண்ணுக்குத் தெரியக்கூடிய மிக மங்கலான நட்சத்திரங்களும் தெரியும், அதாவது தெருவிளக்கு இல்லாத ஊராக இருந்தால். இதற்குப் பிறகு வருவதுதான் வானியல்காரர்கள் ஒத்துக்கொள்ளும் இரவு. பெரிய நகரத்தில் இருப்பவர்கள் இந்தக் கோட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், நமக்கு அப்படி ஒரு இருட்டு வருவதே இல்லை.

இங்கே ஒரு இடைச்செருகல். சூரியனின் அடிவிளிம்பு தொடுவானத்தைத் தொடுவதாக நீங்கள் பார்க்கிற அந்தக் கணத்தில், உண்மையில் சூரியன் முழுவதுமாகக் கீழே போயிருக்கும். தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் போட்ட நாணயம் மேலே எழும்பித் தெரிகிறதே, அதே போலக் காற்று ஒளியை வளைத்து, சூரியனை அரை டிகிரிக்குச் சற்று மேல் தூக்கிக் காட்டுகிறது. சூரியனின் அகலமே அரை டிகிரிதான். நாம் கைகூப்பி வழியனுப்புவது ஏற்கனவே போய்விட்ட ஆளை.

## நமக்கு ஏன் இந்தக் குழப்பம்

வானத்தில் எல்லாமே மணிக்கு 15 டிகிரி வீதம் சுற்றுவதாகத் தெரிகிறது, அதாவது ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் கிணற்றில் போட்ட கல் மாதிரி கிட்டத்தட்ட நேராக இறங்குகிறது. வடக்கே போகப் போக அது சாய்வாக இறங்கும். படிக்கட்டில் இறங்குவதற்கும் சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்வுப் பாதையில் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான், நடக்கிற வேகம் ஒன்றே, ஆனால் தரைக்கு வந்து சேரும் நேரம் வேறு.

சென்னையில் சூரியன் மறைந்ததிலிருந்து சிவில் டஸ்க் வரை வருடம் முழுக்கப் பார்த்தாலும் 21 முதல் 24 நிமிடம். 18 டிகிரிக் கோடு வரை போனாலும் 70 முதல் 80 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான், சிங்கப்பூரில் இன்னும் ஒரு பிடி வேகம்.

லண்டனுக்கு வாருங்கள். ஜூன் கடைசியில் சூரியன் மறைவதே இரவு ஒன்பதே கால் தாண்டி. அப்புறம் சிவில் டஸ்க்குக்கு ஏறத்தாழ 48 நிமிடம், 12 டிகிரிக் கோட்டைத் தொட இரண்டு மணி நேரம். 18 டிகிரிக் கோடு வருவதே இல்லை! அந்த நாட்களில் லண்டன் நள்ளிரவில் சூரியன் 15 டிகிரி சுமாருக்குத்தான் இறங்குகிறது, பிறகு மறுபடி ஏறத் தொடங்கிவிடுகிறது. அதாவது வானியல் கணக்குப்படி முழு இரவும் டுவைலைட். இன்னும் வடக்கே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 7 டிகிரிகூட இறங்காது, நடுராத்திரியிலும் வானம் வெளுத்தே இருக்கும், அங்கே அதை வெள்ளை இரவுகள் என்று கொண்டாடுகிறார்கள்.

அந்த ஏரிக்கரை ஸ்காட்லாந்தில் இருந்தது, லண்டனுக்கும் வடக்கே. சாப்பிட்டு முடித்து, ஒரு முழுக்கதை சொல்லி முடித்த பிறகும் வானம் முழுசாக இருட்டியிருக்காது. அவ்வளவு நேரம் நீளுகிற ஒன்று தனக்கு ஒரு பெயரும் தன் முடிவுக்கு ஒரு பெயரும் வாங்கியதில் ஆச்சரியம் இல்லை. நமக்கோ பால் கறந்துவிட்டு வருவதற்குள் இருட்டிவிடுகிறது, முதலும் முடிவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. அகராதிக்காரர் இரண்டுக்கும் அந்தி என்று போட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான்.

மறுபடி ஒருமுறை: கோடுகள் எல்லா ஊருக்கும் ஒன்றே, 6, 12, 18. ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஆகும் நேரம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

## சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது

டுவைலைட்டின் முன்பாதியில் இருக்கும் ‘டுவை’, இரண்டு என்ற பொருள் தரும் ஆங்கில ‘டூ’வுக்கு உறவு. இரண்டு வெளிச்சம் அல்லது பாதி வெளிச்சம் என்று விளக்கம் சொல்வார்கள். நம் இரண்டுங்கெட்டானை அங்கே உட்காரவைத்தால் கச்சிதமாக இருக்கும். டஸ்க்கின் வேரோ பழைய ஆங்கிலத்தில் கருத்த நிறத்தைக் குறித்த சொல். ஆக ஒன்றின் வேரில் வெளிச்சம் இருக்கிறது, இன்னொன்றின் வேரில் கறுப்பு இருக்கிறது. மீதி இருக்கிற ஒளியைப் பற்றிப் பேசினால் டுவைலைட், வந்துவிட்ட இருளைப் பற்றிப் பேசினால் டஸ்க்.

கூட வரும் குட்டிச் சொற்களும் காட்டிக்கொடுக்கும். டஸ்க்குக்கு முன்னால் பெரும்பாலும் ‘அட்’ வரும், ஆறு மணிக்கு என்பதில் வருவது போல, ஒரு புள்ளி. டுவைலைட்டுக்கு ‘இன்’ சகஜமாக வரும், மழையில், வெயிலில் என்பது போல, உள்ளே நிற்கக்கூடிய ஒன்று. ஊரடங்கு அறிவித்தால் ‘டஸ்க் டு டான்’ என்பார்கள், எல்லை சொல்ல வேண்டிய இடம் அது. வயதான காலத்தையும் ஓய்வை நெருங்கும் விளையாட்டு வீரரையும் பற்றிப் பேசும்போது வழக்கமாக டுவைலைட்தான் வரும், இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கிறது என்ற மரியாதை அதில் உண்டு.

தமிழில் சொல் இல்லையா என்றால், அதுவும் இல்லை. சந்தி இருக்கிறது, முச்சந்தியில் வரும் அதே சந்தி, இரண்டு சேரும் இடம். பகலும் இரவும் சேர்வதால் அந்த வேளைக்கும் அதுவே பெயர், காலையிலும் மாலையிலும் சந்தியாவந்தனம் செய்கிறார்கள். டுவைலைட்டுக்கு இது நேர் உறவினர். ‘பொழுது மசங்குற நேரம்’ என்று கிராமத்தில் சொல்வது டஸ்க்கின் பக்கம். சங்க இலக்கணத்தில் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்தபோது எற்பாட்டையும் மாலையையும் தனித்தனியாக வைத்தார்கள். எல் என்றால் சூரியன், அது சாய்கிற நேரம் எற்பாடு, நெய்தலுக்கு உரியது. அதற்குப் பிறகு வருவதுதான் மாலை, முல்லைக்கு உரியது. இன்று நான்கு மணி வெயிலுக்கே மாலை வணக்கம் சொல்கிறோம்.

## கோடு யாருக்கு உதவுகிறது

விமானப் போக்குவரத்தில் இரவு என்பதன் சர்வதேச வரையறையே மாலை சிவில் டுவைலைட் முடிவதிலிருந்து காலை சிவில் டுவைலைட் தொடங்கும் வரை என்றுதான் இருக்கிறது. சாலையில் கோட்டைக் கொஞ்சம் எளிமையாக்கி, இங்கிலாந்திலும் நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளிலும் சூரியன் மறைந்து அரை மணி என்று வைத்திருக்கிறார்கள். நம்மூரில் அந்த நேரத்துக்குள் டஸ்க் வந்து போய்விடும். லண்டன் ஜூனில் இன்னும் வந்திருக்காது.

இதையெல்லாம்விடத் தினமும் இந்த வித்தியாசத்தோடு வாழ்கிறவர்கள் முஸ்லிம்கள். மக்ரிப் தொழுகையின் நேரம் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது, இஷாவின் நேரம் அந்திச் சாயல் மறைந்த பிறகு. பல கணக்கீட்டு முறைகள் இதற்கு 15 முதல் 18 டிகிரி வரை ஏதாவது ஒரு கோணத்தை எடுத்துக்கொள்கின்றன. பள்ளிவாசலில் மாட்டியிருக்கும் நேர அட்டவணையில் அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பாருங்கள், டுவைலைட்டின் நீளம் அங்கேயே அச்சாகி இருக்கிறது. ஜூனில் லண்டனில் 18 டிகிரிக் கோடு வராது என்று சொன்னேன் அல்லவா, அங்கே இஷாவுக்கு என்ன செய்வது என்று மார்க்க அறிஞர்கள் தனியாக வழிமுறைகள் வகுத்திருக்கிறார்கள்.

அந்த வரிக்கு வருகிறேன். நாலைந்து தடவை அடித்து எழுதி, கடைசியில் இப்படி வைத்தேன்: ‘அந்தி வெளிச்சம் மங்கி மங்கிக் கருக்கலானது.’ கருக்கலிலும் கறுப்பு இருக்கிறது, டஸ்க்கின் வேரிலும் கறுப்பு இருக்கிறது, எனக்கு ரொம்பத் திருப்தி. பிழை பார்க்க அனுப்பினேன். தென்மாவட்டத்துக்காரரான அந்த அக்கா மறுநாள் ஒரே ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பியிருந்தார்: ‘தம்பி, எங்க ஊர்ல கருக்கல்னா விடியக்காலை. இவங்க ராத்திரி பூரா அங்கேயே உக்காந்திருந்தாங்களா?’